அத்தைக்கு ஒரு நினைவு மலர்: 16 பக்கத்தில் தொகுப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் 31ஆம் நாளுக்கே நினைவு மலர் அச்சாகி வந்துவிடும். அந்த அவசரத்தில் தேவாரமும் வம்சாவளியும் ஏறிவிடும். அத்தை கையில் சோறு வாங்கித் தின்ற பிள்ளைகளின் ஞாபகங்களுக்குத்தான் நேரம் இருக்காது. அவையும் வேண்டுமென்றால் முதலாண்டு நினைவு நாளான தலைத்திவசத்துக்குத் திட்டமிட்டு, மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

16 பக்கம் என்பது நான்கு ஏ4 தாள். நடுவில் மடித்து முதுகில் இரண்டு பின். அட்டை தனி. பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். 18 வந்துவிட்டால் 20 ஆக்கலாம், இரண்டைக் குறைக்கவும் செய்யலாம். குறைப்பதே மேல்.

1. கேள்விகள்

‘அத்தையைப் பத்திச் சொல்லுங்க’ என்றால் ‘தங்கமான மனுஷி, சாப்பிடாம யாரையும் அனுப்ப மாட்டாங்க’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது ஊரில் எந்த அத்தைக்கும் பொருந்தும். இப்படிக் கேளுங்கள்:

- லீவுக்குப் போனால் எங்கே படுக்க வைப்பார்? பக்கத்தில் யார்?
- தலைவாரிவிடும்போது என்ன சொல்லித் திட்டுவார்?
- காசை எங்கே வைத்திருப்பார்? முந்தானையிலா, கடுகு டப்பாவிலா?
- எதற்காக அடித்தார்?

நான்காவது கேள்வி ஏமாற்றுவதே இல்லை. அடி வாங்கிய நாளைப் பிள்ளைகள் இடம், பொருள், கரண்டி வரைக்கும் நினைவு வைத்திருப்பார்கள்.

2. பதிவு

ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்துப் பேசுங்கள். கூட்டமாகக் கேட்டால் மூத்தவர் சொல்வதுதான் கதை. சின்னவர்கள் ‘ஆமாமா’ போட்டே முடித்துவிடுவார்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம். மேசையில் ஒரு துண்டை மடித்து, அதன்மேல் போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், கேட்கும்போது காதுக்குத் தெரியாத இரைச்சல் பதிவில் முழுக்க இருக்கும்.

ஒரே சம்பவத்தை இருவர் வேறு வேறு விதமாகச் சொன்னால் பஞ்சாயத்து பண்ண வேண்டாம். இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். சொத்துத் தகராறு பேச்சு வந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

வருடம் நினைவில்லை என்பவரிடம் ஊரறிந்த நிகழ்ச்சியைக் காட்டிக் கேளுங்கள்: 1977 நவம்பர் புயலுக்கு முன்னாலா? 1979-ல் அத்திவரதரைப் பார்க்கப் போனபோதா? எம்.ஜி.ஆர். இறந்த 1987 டிசம்பருக்குப் பிறகா? 1992 மகாமகத்துக்கா? பெரும்பாலும் ஓரிரு ஆண்டுக்குள் வந்து நின்றுவிடும்.

3. படங்கள்

அதிகம் சொதப்புகிற இடம் இது. பழைய ஒட்டும் ஆல்பத்தில் படத்தை நகத்தால் நெம்பினால் மூலை கிழியும், நடுவில் மடிந்து வெள்ளைக் கோடு விழும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கு அடியில் விட்டு, இரு முனையையும் பிடித்து மெல்ல அறுத்துக்கொண்டே வாருங்கள். ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்கவே கூடாது. மேல்பூச்சு கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள்.

சாதாரணப் படத்துக்கு ஸ்கேனரில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். அத்தைக்கு இருப்பது ஒரே ஒரு பாஸ்போர்ட் படம்தான் என்றால் 1200 வையுங்கள். 3.5 × 4.5 செ.மீ. படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி 14 × 18 செ.மீ. அளவில் அச்சிட முடியும். ஸ்கேன் செய்ததை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள், ஸ்டுடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும்.

4. கைப்பக்குவம்

ஒரு பக்கம் அவர் சமையலுக்கு. ‘ஒரு டம்ளர் அரிசி’ என்று எழுதினால் யாராலும் செய்ய முடியாது. அவர் அளந்த டம்ளர் வீட்டில் இருந்தால் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, அதை அளவுக் குவளையில் கொட்டி எத்தனை மில்லி என்று குறியுங்கள். தலைதட்டி அளப்பாரா, குவித்து அளப்பாரா என்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவரிடம் கேளுங்கள்.

5. பக்கம் கட்டுதல், அச்சு

ஏ4-ஐ மடித்தால் வரும் ஏ5 பக்கத்தில் 12 பாயின்ட் எழுத்தில் சுமார் 150 சொல். உள் ஓரம் 15 மி.மீ. விடுங்கள், குறைத்தால் வரியின் முனை மடிப்புக்குள் போய்விடும். தாளின் கனம் உள்ளே 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம்), அட்டைக்கு 250.

அண்ணன் பிள்ளைகளுக்கு அத்தை, அக்கா பிள்ளைகளுக்குச் சித்தி. எல்லாவற்றையும் ‘அத்தை’ என்று மாற்றாதீர்கள். அவரவர் அழைத்தபடியே விட்டு, பெயருக்குக் கீழே ‘அண்ணன் மகள்’, ‘அக்கா மகன்’ என்று போடுங்கள்.

அச்சகத்துக்கு வேர்டு கோப்பை மட்டும் கொடுத்தால், அங்கே அந்த எழுத்துரு இல்லாதபோது வரிகள் நகர்ந்து பக்கமே மாறிவிடும். எழுத்துரு பதிந்த பிடிஎஃப் கொடுங்கள். மறுபடி தட்டச்சு செய்தாலோ பழைய எழுத்துருவுக்கு மாற்றினாலோ கொம்பும் காலும் இடம் மாறும். ‘கொ’, ‘பௌ’ வரும் சொற்களைத் தனியாகப் பாருங்கள்.

ஒரு பிரதி மட்டும் எடுத்து, உறவில் ஒவ்வொரு கிளையிலும் ஒருவரிடம் காட்டுங்கள். பெயர்ப் பிழையை, விடுபட்ட மருமகனை அவர்கள்தான் கண்டுபிடிப்பார்கள். பிறகு வீட்டுக்கு ஒன்று என்று எண்ணி, மேலே பத்து சேர்த்து ஆர்டர் கொடுங்கள்.