ரஸ்ட்டில் எழுதினாலும் ஜீனோம் தரவில் சறுக்கும் இடங்கள்

வெப் டெவலப்மென்ட்டிலிருந்து, உயிரியல் தரவைக் கணினியால் அலசும் பயோஇன்ஃபர்மேடிக்ஸுக்கு வருபவர்களுக்குப் பழைய பெர்ல் ஸ்கிரிப்ட்டைப் பார்த்ததும் கை பரபரக்கும். ரஸ்ட் மொழியில் மாற்றி எழுதுங்கள், தாராளமாக. ஆனால் இங்கே மோசமான தவறுகள் எரர் காட்டுவதில்லை. தப்பான விடையைத் தந்துவிட்டு நிரல் சமர்த்தாக முடிந்துவிடும்.

முதல் பொறி, எண்ணிக்கை 0-இல் தொடங்குகிறதா 1-இலா என்பது. ஜீனோமில் எது எங்கே இருக்கிறது என்று குறிக்க பெட், ஜிஎஃப்எஃப் என இரண்டு கோப்பு வடிவங்கள் உண்டு. ஒரு குரோமோசோமின் முதல் 100 பேஸ்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) பெட் கோப்பில் 0, 100 என்றிருக்கும்; ஜிஎஃப்எஃப் கோப்பில் 1, 100. பைத்தானின் ஸ்லைஸும் ரஸ்ட்டின் ரேஞ்சும் பெட் கணக்கோடு அப்படியே பொருந்தும். ஜிஎஃப்எஃப் எண்களை மாற்றாமல் ஸ்லைஸில் போட்டால் முதல் எழுத்து விழுந்துவிடும். புரதத்துக்கான பகுதியில் ஓர் எழுத்து போனால், மூன்று மூன்றாகப் படிக்கும் கோடான் மொத்தமும் குலையும். கோப்பைப் படிக்கும் இடத்திலேயே ஒரே கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது, கோப்பைச் சுருக்கும் ஜிஜிப். சுருக்கப்பட்ட விசிஎஃப் கோப்புகள் (டிஎன்ஏ வேறுபாடுகளின் பட்டியல்) பெரும்பாலும் பிஜிஜிப் செய்தவை. அதாவது, 64 கேபிக்கு மிகாத தரவைத் தனித்தனியாகச் சுருக்கி, அந்தத் துண்டுகளை வரிசையாக ஒட்டியிருப்பார்கள். ரஸ்ட்டின் ஃபிளேட்2 நூலகத்தில் உள்ள ஜிஇசட்டிகோடர் முதல் துண்டு முடிந்ததும் கோப்பே முடிந்ததாக நினைத்துக்கொள்ளும். மல்டிஜிஇசட்டிகோடர்தான் வேண்டும். சோதனைக் கோப்பு சின்னதாக இருந்தால் டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும் என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல்.

சரி, வெப் பக்கம். ஒத்த டிஎன்ஏ, புரத வரிசைகளைத் தேடும் பிளாஸ்ட்டை ஜாங்கோ வியூவுக்குள்ளேயே ஓட்டாதீர்கள், டைம்அவுட் ஆகும். செலரி போன்ற வேலை வரிசையில் போட்டு, பயனருக்கு ஒரு வேலை எண்ணைக் கொடுங்கள். பயனர் தரும் கோப்புப் பெயரை ஷெல் கட்டளையோடு ஒட்டவே கூடாது. பல ஜிபி பாம் கோப்பை (ஜீனோமோடு பொருத்திய டிஎன்ஏ துண்டுகள் இருப்பது) முழுதாக பிரவுசருக்கு இறக்குவதும் வேண்டாத வேலை. இண்டெக்ஸ் இருந்தால், பிரவுசரில் ஜீனோமைக் காட்டும் ஐஜிவி.ஜேஎஸ் நூலகம் தேவையான பைட்டுகளை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். இப்படிப் பகுதியாகக் கேட்கும் ரேஞ்ச் ரிக்வஸ்ட்டுக்கு உங்கள் சர்வர் பதில் சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்புறம், எத்தனாவது ஜீனோம் பதிப்பு என்பதை டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையாக வையுங்கள். பதிப்பு மாறினால் எண்களும் மாறும்: மனித ஜீனோமின் ஜிஆர்சிஎச்37 பதிப்பில் குரோமோசோம் 1-இன் நீளம் 24,92,50,621 பேஸ், ஜிஆர்சிஎச்38-இல் 24,89,56,422.

கடைசியாக, சிஎஸ்வி டவுன்லோட் பட்டன். எக்செல் அதைத் திறந்ததும் செப்ட்2 என்ற ஜீன் செப்டம்பர் 2 ஆகிவிடும். இந்தத் தொல்லையால்தான் மனித ஜீன் பெயர்க்குழு 2020-இல் அதை செப்டின்2 ஆக்கியதை அறிவித்தது. பழைய தரவில் பழைய பெயர்தான் இருக்கும். அதனால் என்சாம்பிள் தரவுத்தளம் அந்த ஜீனுக்குத் தரும் ஐடியையும் சேர்த்தே கொடுங்கள்.