என்டரும் எக்கோவும்: சி நிரலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலில் வயதைக் கேட்டு, அப்புறம் ‘தொடரலாமா?’ என்று ஓர் எழுத்தைக் கேட்கும் சின்ன நிரல். 25 என்று தட்டி என்டர் கொடுத்ததும் இரண்டாவது கேள்வி நிற்காமல் ஓடிவிடுகிறது. கம்பைலரில் கோளாறு இல்லை. உள்ளீட்டைப் படிக்கும் ஸ்கேன்எஃப் (scanf) எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, என்டரால் வந்த நியூலைனை, அதாவது வரிமுடிவு எழுத்தை, உள்ளீடு காத்திருக்கும் பஃபரிலேயே விட்டுவிட்டது. அடுத்து வந்த, ஓர் எழுத்தைப் படிக்கும் கெட்சாருக்கு (getchar) கிடைத்தது அந்த நியூலைன்தான். எண்ணாக பிரின்ட் செய்து பார்த்தால் அதன் குறியீட்டு எண்ணான 10 வரும்.

இதற்கு, பஃபரைக் காலி செய்யும் எஃப்ஃப்ளஷில் (fflush) உள்ளீட்டைக் குறிக்கும் எஸ்டிடிஇன்னை (stdin) கொடுக்கச் சொல்வார்கள். வேண்டாம். எஃப்ஃப்ளஷ் வெளியீட்டுக்கானது, உள்ளீட்டுக்குப் போட்டால் என்ன ஆகும் என்று சி தரநிலை சொல்லவே இல்லை. நியூலைன் வரும்வரை கெட்சாரால் படித்துத் தள்ளலாம். ஆனால் உள்ளீடு தீர்ந்ததைச் சொல்லும் இஓஎஃப்பையும் (EOF) சோதிக்க வேண்டும். இல்லையென்றால் ஃபைலிலிருந்து வரும் உள்ளீடு தீர்ந்ததும் லூப் சுற்றிக்கொண்டே இருக்கும். இஓஎஃப் சரியாகத் தெரிய, கெட்சார் தருவதை சார் (char) வகை மாறியில் வாங்காமல் இன்ட் (int) வகையில் வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், ஆட்கள் கீபோர்டில் தட்டுவதைப் படிக்க ஸ்கேன்எஃப்பே வேண்டாம். எஃப்கெட்ஸால் (fgets) முழு வரியையும் வாங்கிப் பிறகு எண்ணாக மாற்றுங்கள். ஆனால் எஃப்கெட்ஸ் கடைசி நியூலைனைச் சேர்த்தே தரும். வெட்டாமல் பெயரை ஒப்பிட்டால் பொருந்தாது. வரியைப் படிக்கும் பழைய கெட்ஸ் (gets) பக்கமே போகாதீர்கள், 2011 தரநிலை அதைத் தூக்கிவிட்டது.

சரி, எக்கோவுக்கு வருவோம். தட்டும் எழுத்தைத் திரையில் காட்டுவதுதான் எக்கோ; அதைச் செய்வது கெட்சார் இல்லை. லினக்ஸில் அது கர்னலில் இருக்கும் டெர்மினல் டிரைவரின் வேலை. என்டர் தட்டும்வரை வரியைப் பிடித்து வைப்பதும் அதுதான். பழைய டர்போ சி கம்பைலரின் கெட்ச்சில் (getch) பழகியவர்கள் இங்கே அதற்கான கோனியோ (conio.h) ஹெடரைத் தேடுவதில் பயனில்லை, டெர்மினல் அமைப்புகளை மாற்றும் டெர்மியாஸ்தான் (termios) வழி.

பாஸ்வேர்டு வாங்கும்போது டெர்மியாஸில் எக்கோ (ECHO) கொடியை, அதாவது அந்த அமைப்பை, மட்டும் அணையுங்கள். வரிவரியாகப் பிடித்து வைக்கும் ஐகேனானையும் (ICANON) சேர்த்து அணைத்தால் பேக்ஸ்பேஸ் அழிக்காது, அதுவும் ஓர் எழுத்தாக நிரலுக்குள் வந்து சேரும். எக்கோ இல்லாதபோது என்டரும் திரையில் தெரியாது. அடுத்த செய்தி அதே வரியில் ஒட்டாமல் இருக்க நீங்களே ஒரு நியூலைன் அச்சிடுங்கள், அல்லது நியூலைனை மட்டும் காட்டும் எக்கோஎன்எல் (ECHONL) கொடியை ஏற்றுங்கள்.

டெர்மினலின் பழைய அமைப்பை முதலிலேயே எடுத்து வைத்து, வெளியேறும் ஒவ்வொரு வழியிலும் திருப்பிப் போடுங்கள். திருப்பிப் போடும் ஃபங்ஷனை, நிரல் முடியும்போது ஓட வைக்கும் ஏட்எக்ஸிட்டில் (atexit) பதிந்தால் பெரும்பாலும் போதும். ஆனால் கண்ட்ரோல் சி தட்டினால் அது ஓடாது, அதற்கு, அந்தக் குறுக்கீட்டைப் பிடிக்கும் சிக்னல் ஹேண்ட்லர் வேண்டும். இதை விட்டுவிட்டு ஷெல்லில் தட்டுவது எதுவும் தெரியவில்லை என்றால், கண்ணுக்குத் தெரியாமலேயே டெர்மினலை இயல்புக்குத் திருப்பும் ‘எஸ்டிடிஒய் சேன்’ (stty sane) கட்டளையைத் தட்டி என்டர் கொடுங்கள்.