வெப்பப் பம்பு வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜின் பின்புறத்தில் கையை வைத்தால் இளஞ்சூடு தெரியும். உள்ளே இருந்த வெப்பத்தை அது வெளியே தள்ளுகிறது. அதே வேலையைத் திசை மாற்றிச் செய்து, குளிர்ந்த வெளிக்காற்றிலோ மண்ணிலோ இருக்கும் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதே வெப்பப் பம்பு. வெப்பத்தை உண்டாக்காமல் இடம் மட்டும் மாற்றுவதால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு அதனால் மூன்று யூனிட் வெப்பம் தர முடிகிறது. (இங்கே மின்சாரம், எரிவாயு, வெப்பம் எல்லாவற்றுக்கும் யூனிட் என்பது ஒரு கிலோவாட்-மணி.)

எரிவாயு யூனிட்டின் விலையையும் மின்சார யூனிட்டின் விலையையும் நேருக்கு நேர் வைத்துப் பார்ப்பவர்கள் முதலடியிலேயே தவறுகிறார்கள். ஒப்பிட வேண்டியது வீட்டுக்குள் வந்து சேரும் வெப்பத்தின் விலையை. கடந்த ஆண்டின் ரசீதுகளைக் கூட்டியதில் 13,300 யூனிட் எரிவாயு செலவாகியிருக்கிறது என்றும், எரிவாயுவால் நீரைச் சூடாக்கி வீட்டுக் குழாய்களில் ஓட்டும் பாய்லரின் செயல்திறன் 90 சதவீதம் என்றும் கொண்டால், வீட்டுக்குக் கிடைத்த வெப்பம் சுமார் 12,000 யூனிட். ஆண்டுச் சராசரியாக மூன்று மடங்கு தரும் பம்புக்கு இதற்கு 4,000 யூனிட் மின்சாரம் போதும். ஆகவே மின்சார யூனிட்டின் விலை எரிவாயு யூனிட்டின் விலையைப்போல் 3.3 மடங்குக்குள் இருந்தால் மாதச் செலவு அதிகரிக்காது. இப்போது மின் ஹீட்டரால் சூடேற்றுபவர்களுக்கு இவ்வளவு கணக்கே தேவையில்லை; சூடேற்றும் செலவு மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

அந்த ‘மூன்று மடங்கு’ உங்கள் வீட்டில் கிடைக்குமா என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. விளம்பரத் தாளில் அச்சிட்டிருக்கும் எண் பெரும்பாலும் மிதமான குளிரில், குறைந்த நீர் வெப்பநிலையில் அளந்தது. வெளியே 0 டிகிரியாக இருக்கையில் 35 டிகிரி நீர் தருவதற்கு இயற்பியல் அனுமதிக்கும் உச்சவரம்பு 8.8 மடங்கு, 55 டிகிரி நீருக்கோ 6 மடங்குதான். உண்மையான இயந்திரங்கள் இதில் ஏறக்குறைய பாதியைத்தான் எட்டும் என்றாலும் விகிதம் மாறுவதில்லை. ஆகவே, கடுங்குளிர் வாரம் ஒன்றில் இப்போதுள்ள பாய்லரின் நீர் வெப்பநிலையை 50 டிகிரிக்குக் குறைத்து வைத்துப் பாருங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. எல்லா அறைகளும் கதகதப்பாக இருந்தால் வீடு தயார் என்று பொருள். ஓர் அறை மட்டும் சில்லிட்டால், அங்கே பெரிய ரேடியேட்டர் (சுடுநீர் ஓடி அறையைச் சூடேற்றும் தகடு) ஒன்றை மாட்டுவது வீடு முழுவதும் 60 டிகிரி நீரை ஓட்டுவதைவிட மலிவு.

முதலீட்டைக் கணக்கிடும்போது பம்பின் முழு விலையையும் எழுதிக்கொள்ளாதீர்கள். பழைய பாய்லர் ஆயுள் முடியும் நிலையில் இருந்தால், புதிய பாய்லருக்கு எப்படியும் ஆகவிருந்த செலவைக் கழித்த மீதமே கணக்குக்கு உரியது. சமையலும் மின்சாரத்துக்கு மாறி எரிவாயு இணைப்பையே துண்டித்துவிட்டால் அதன் நிலைக்கட்டணமும் மிச்சம். கூரையிலும் சன்னல் இடுக்குகளிலும் கசியும் வெப்பத்தை முதலில் அடைத்துவிடுங்கள். தேவை குறைந்தால் சிறிய பம்பே போதும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிதாக வாங்கிய பம்பு அடிக்கடி நின்று நின்று ஓடி, மின்சாரத்தையும் கம்ப்ரசரின் ஆயுளையும் தின்னும்.

கார்பனுக்கும் இதே கணக்குதான். ஒரு யூனிட் எரிவாயு எரிந்தால் சுமார் 0.2 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். பாய்லரின் இழப்பையும் சேர்த்தால், வெப்ப யூனிட்டுக்கு 0.22 கிலோ. மூன்று மடங்கு தரும் பம்பு இதைவிடத் தூய்மையானதாக இருக்க, மின்சார யூனிட் ஒன்றின் உமிழ்வு 0.66 கிலோவுக்குக் கீழே இருக்க வேண்டும். பெருமளவு நிலக்கரியையே நம்பும் மின்தொகுப்பு இந்தத் தேர்வில் தேறாது. மற்றவை பெரும்பாலும் தேறிவிடும்.

பம்புக்குள் சுற்றிவந்து வெப்பத்தைச் சுமக்கும் குளிர்பதன வாயுவின் பெயரையும் பெட்டியின் தகட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்-410ஏ என்பது கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 2,000 மடங்கு புவியைச் சூடேற்றக்கூடியது. அதில் 2 கிலோ கசிந்தால் 4 டன்னுக்குச் சமம். மேலே சொன்ன வீட்டின் பாய்லர் ஒன்றரை ஆண்டில் உமிழ்வதும் அதே அளவுதான். ஆர்-290 என்று குறிக்கப்படும் புரோப்பேனில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அது தீப்பற்றக்கூடியது என்பதால், வெளிப்பெட்டியைச் சன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் விலக்கி நிறுவ இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.