கையெழுத்துப் பாணி எழுத்துருவில் தலைப்பு அமைக்கும் முறை

தூரிகையாலோ பேனாவாலோ இயல்பாக எழுதியதுபோல் தோன்றும் எழுத்துருக்கள், சுவரொட்டி, அட்டைப்படம் போன்றவற்றின் தலைப்புகளுக்காக வரையப்படுபவை. 1953இல் வெளிவந்த மிஸ்ட்ரால் இவ்வகையில் புகழ்பெற்றது. பிரெஞ்சு எழுத்துருக் கலைஞர் ரோஜர் எக்ஸ்கோஃபோன் தம் சொந்தக் கையெழுத்தைக் கொண்டு அதை வடிவமைத்தார். தனித்தனி உலோக அச்சுகளாக இருந்தும், அதன் சிற்றெழுத்துகள் அருகருகே வைத்தவுடன் ஒரே கோடாக இணைந்தன. அந்த இணைப்பைக் கெடுக்காமல் தலைப்பு அமைக்கும் முறையை, இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளைக் கொண்டு இங்கே காண்போம்.

முதல் படி, தேர்வு. மாதிரிப் படத்தைப் பார்த்து மயங்காமல், உங்கள் தலைப்பையே நான்கைந்து எழுத்துருக்களில் தட்டச்சு செய்து ஒப்பிடுங்கள். தலைப்பு நான்கு சொற்களுக்குள் இருப்பது நல்லது. வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் இடமளிக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் உரிமம் பெற்றவற்றில் அதற்குத் தடையில்லை.

இரண்டாம் படி, இடைவெளி. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். டிராக்கிங், அதாவது எல்லா எழுத்துகளுக்கும் இடையே ஒரே அளவில் மாறும் இடைவெளியின் மதிப்பு, சுழியத்திலேயே இருக்கட்டும். அதைக் கூட்டினால் ஓர் எழுத்தின் வால் அடுத்த எழுத்தைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். கெர்னிங்கில் (குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியில்) ஆப்டிகல் என்பதைத் தவிர்த்து ஆட்டோ என்பதையே வையுங்கள், ஏனெனில் ஆட்டோ எழுத்துருவை வடிவமைத்தவர் குறித்த இடைவெளியைப் பின்பற்றுகிறது, ஆப்டிகலோ எழுத்துகளின் புறவடிவைக் கொண்டு தானே புதிதாகக் கணக்கிட்டு இணைப்பைக் கலைத்துவிடக்கூடும். ஆங்கிலத் தலைப்பு முழுவதையும் பேரெழுத்தில் அமைப்பதும் கூடாது. பேரெழுத்துகள் சொல்லின் முதலில் நிற்கவே வரையப்பட்டவை. (தமிழ் எழுத்துகள் இவ்வாறு கோத்து எழுதப்படுவதில்லை என்பதால், தமிழ்க் கையெழுத்து எழுத்துருக்களில் கோட்டின் தடிப்பும் சாய்வுமே கைவண்ணத்தைக் காட்டுகின்றன.)

மூன்றாம் படி, மாற்று வடிவங்கள். ஒரே எழுத்து இருமுறை அடுத்தடுத்து வரும்போது இரண்டும் அச்சு அசலாக இருந்தால், இது கையால் எழுதியதன்று என்பது உடனே தெரிந்துவிடும். ஓப்பன்டைப் பேனலில் அக்கம்பக்க எழுத்துகளுக்கேற்ப வடிவத்தை மாற்றும் கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட்ஸ் வசதியை இயக்குங்கள். அது போதாவிடில், எழுத்துருவிலுள்ள வடிவங்களைக் காட்டும் கிளிஃப்ஸ் பேனலைத் திறந்து, அந்த எழுத்துருவில் மாற்று வடிவம் இருந்தால் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். நீண்டு சுழலும் அலங்கார வால் தலைப்புக்கு ஒன்று போதும் என்பது என் கருத்து.

துணை வரிகளுக்கு எளிய சான்ஸ் செரிஃப் (எழுத்து முனைகளில் சிறு கோடுகள் இல்லாத) எழுத்துருவைப் பயன்படுத்துங்கள். இரண்டாவதாக இன்னொரு கையெழுத்து எழுத்துருவைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றோடொன்று மோதும்.

இறுதியாக, கோப்பின் நகல் ஒன்றைச் சேமித்துவிட்டு, கிரியேட் அவுட்லைன்ஸ் கட்டளையால் எழுத்துகளை வடிவங்களாக மாற்றுங்கள். பின்னர் பாத்ஃபைண்டர் பேனலில் யுனைட் கொடுத்து அவற்றை ஒன்றாக்குங்கள். இதைச் செய்யாமல் ஓரக்கோடு போட்டால், எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் இடங்களிலெல்லாம் தேவையற்ற கோடுகள் குறுக்கே தெரியும்.