ஒரே பேட்டரி பேங்கில் ஜெனரேட்டரும் சோலாரும்: இணைக்கும் முறை

எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வேண்டும் என்பதைப் பேட்டரிதான் தீர்மானிக்கும். 48 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் டியூபுலர் (லெட்-ஆசிட்) பேட்டரி பேங்க், அதாவது ஒன்றாக இணைத்த பேட்டரித் தொகுப்பு என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆம்பியர்-அவர் அளவில் 15% வரை, அதாவது 30 ஆம்பியர் சார்ஜ் கொடுக்கலாம். சார்ஜ் ஆகும்போது இருக்கும் 57.6 வோல்ட்டில் அது சுமார் 1,730 வாட். சார்ஜரின் இழப்பைச் சேர்த்தால் 2,000 வாட்டைத் தொடும். பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் பயன்படும் பங்கு) 0.7 உள்ள பழைய வகை சார்ஜர் என்றால் 2.9 கேவிஏ இழுக்கும். எனவே 4 கேவிஏ ஜெனரேட்டர் சரியாக இருக்கும். வீட்டு லோடும் கூடவே ஓடினால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஜெனரேட்டர் ஒயர் இன்வெர்ட்டர்-சார்ஜரின் (இன்வெர்ட்டரும் சார்ஜரும் சேர்ந்த ஒரே பெட்டி) ஏசி இன்புட்டில் மட்டுமே போக வேண்டும். தவறி அவுட்புட்டில் கொடுத்தால் இரண்டு மின்சாரமும் மோதி இன்வெர்ட்டர் அந்த நொடியே எரிந்துவிடும். சிறிய ஜெனரேட்டர்களில் இருக்கும் 12 வோல்ட் டிசி சாக்கெட்டை நம்பாதீர்கள். பெரும்பாலும் அதில் வோல்டேஜ் கட்டுப்பாடு இருக்காது.

டிசி பக்கம் ஒவ்வொரு சார்ஜருக்கும் தனி கேபிள், தனி டிசி ஃப்யூஸ். எல்லாம் பஸ்பாரில் (கேபிள்கள் ஒன்றுசேரும் தடித்த உலோகப் பட்டையில்) சேரட்டும். 30 ஆம்பியர் சார்ஜருக்கு 40 ஆம்பியர் ஃப்யூஸ், 10 சதுர மிமீ செம்பு கேபிள் போதும். ஃப்யூஸ் பஸ்பாரின் அருகிலேயே இருக்க வேண்டும், ஷார்ட் ஆனால் கேபிளை எரிக்கும் கரன்ட் பேட்டரியிலிருந்துதான் பாயும். பேட்டரி மானிட்டர் இருந்தால் எல்லா நெகட்டிவும் ஷண்ட்டின் (மானிட்டருக்காகக் கரன்ட்டை அளக்கும் துண்டு) சிஸ்டம் பக்கம், அதாவது பேட்டரியோடு சேராத முனையில் வரட்டும். ஒன்றை நேராகப் பேட்டரியில் முறுக்கினாலும் மானிட்டர் காட்டும் சதவீதம் பொய்யாகிவிடும்.

பேனலிலிருந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் சோலார் கன்ட்ரோலரில் இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல்.

இன்வெர்ட்டர்-சார்ஜர், சோலார் கன்ட்ரோலர் இரண்டிலும் ஒரே அப்சார்ப்ஷன் வோல்டேஜ் (பேட்டரியை முழுதாக நிரப்பும் கட்டத்தின் வோல்டேஜ்) வையுங்கள். அப்படி வைத்தும் ஒன்று முன்னதாகவே ஃப்ளோட்டுக்கு (நிரம்பிய பிறகு குறைந்த வோல்டேஜில் பராமரிக்கும் கட்டத்துக்கு) போகலாம். அது பழுது அல்ல. கவனிக்க வேண்டியது மொத்தக் கரன்ட்: ஜெனரேட்டர் 30, சோலார் 25 என்று சேர்ந்தால் பேட்டரிக்கு அதிகம்.

அதனால் ஜெனரேட்டரை விடியற்காலையில் ஓட்டி, 80% ஆனதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் பேட்டரி வாங்கும் கரன்ட் குறைந்துகொண்டே போகும், டீசல் வீணாகும், லோடு குறைவாக ஓடும் என்ஜினில் கரி படியும். மீதியைச் சூரியன் மெதுவாக நிரப்பட்டும்.

முழு கரன்ட் ஓடும்போது சார்ஜர் முனையிலும் பேட்டரி முனையிலும் வோல்டேஜ் அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டைத் தாண்டினால் லக் (கேபிள் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) சரியாகக் கிரிம்ப் ஆகாமல் இருக்கலாம், அல்லது நட்டு தளர்ந்திருக்கலாம்.