பழைய அசெம்பிள்டு கம்ப்யூட்டர் ஷட்டவுன் ஆகவில்லையா? ஃபார்மட் போடும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்து குடியிருக்கும் பழைய மெஷினில் ஏதாவது கோளாறு வந்தால் பத்தில் எட்டுப் பேர் முதலில் செய்வது ஃபார்மட் போடுவதுதான். தயவுசெய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். மெஷின் எங்கே தடுக்குகிறது என்று தானே காட்டிக்கொடுக்கும், நாம் பார்க்கும் வரிசைதான் சரியாக இருக்க வேண்டும்.

என்னுடையது 2012-ல் சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. மூன்றாம் தலைமுறை ஐ5, எச்61 மதர்போர்டு, 8 ஜிபி ரேம். ஒரு பக்கம் விண்டோஸ் 10, இன்னொரு பக்கம் உபுண்டு என்ற லினக்ஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். அதனால் நன்றாக உழைக்கிற பழைய மெஷினைத் தூக்கிப் போட மனமில்லாமல் பக்கத்திலேயே லினக்ஸும் ஏற்றிக்கொள்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. “லினக்ஸ் போட்டதிலிருந்து ஷட்டவுன் ஆகமாட்டேங்குது”, “விண்டோஸ் காணாமப் போச்சு” என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேருக்கு லினக்ஸும் காரணமில்லை, விண்டோஸும் காரணமில்லை.

எதைத் தொடும் முன்பும் முக்கியமான ஃபைல்களை வேறு ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். எந்த ஓஎஸ்ஸும் ஏறவில்லை என்றால் உபுண்டு லைவ் பென்டிரைவ் (இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து ஓடும் உபுண்டு) போட்டு எடுக்கலாம்.

சரி, கடிகாரம். விண்டோஸ் திறந்ததும் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருந்தால் பயப்பட ஒன்றுமே இல்லை. போர்டில் இருக்கும் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கும் அதற்கும் இடைவெளி 5 மணி 30 நிமிடம். லினக்ஸ் டெர்மினலில் சூடோ (நிர்வாகி உரிமையோடு ஓட்டச் சொல்லும் சொல்) போட்டு ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று ஆங்கிலத்தில் ஒருமுறை கொடுத்தால் இருவரும் ஒரே நேரத்துக்கு வந்துவிடுவார்கள். ஏதோ எச்சரிக்கை காட்டும், இந்தியாவில் கோடைக்கால நேரமாற்றம் எல்லாம் இல்லாததால் நமக்குப் பெரிய தொல்லை வராது.

ஆனால் தேதி 2011, 2012 என்று எங்கேயோ போய் நிற்கிறதென்றால் கதை வேறு. அது சிமாஸ் பேட்டரி. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் மாதிரி படுத்திருக்கும் சிஆர்2032. இந்தச் சின்ன பேட்டரியால் தேதி மட்டும் போனால் பரவாயில்லை, பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் நிரல்) செட்டிங் மொத்தமும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவதுதான் வினை. போர்டு ஹார்ட் டிஸ்க்கோடு பேசும் முறையை (சாட்டா மோட்) ஏஎச்சிஐ என்று வைத்து விண்டோஸ் ஏற்றியிருப்பீர்கள், பேட்டரி தீர்ந்ததும் சில பழைய போர்டுகள் அதை ஐடிஇ என்ற பழைய முறைக்கு மாற்றிக்கொள்ளும். லினக்ஸ் இரண்டிலும் பெரும்பாலும் பிரச்சினையில்லாமல் ஏறிவிடும். விண்டோஸ் மட்டும் நீலத்திரையில் ‘இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று விழும். பார்க்கிறவர் என்ன நினைப்பார்? லினக்ஸ்தான் விண்டோஸைக் கெடுத்துவிட்டது என்று. எனக்கும் இதுதான் நடந்தது. ஒரு கடையில் “மதர்போர்டு போச்சு சார், புதுசா போட்டுடலாம்” என்றார்கள். வீட்டுக்கு எடுத்து வந்து பயாஸில் சாட்டா மோடை மறுபடி ஏஎச்சிஐ ஆக்கினேன், விண்டோஸ் அப்படியே ஏறியது.

நம் வீடுகளில் இந்த பேட்டரி சீக்கிரம் தீர ஒரு காரணம் இருக்கிறது. ராத்திரி படுக்கும்முன் சுவரில் ஸ்விட்சை அணைத்துவிடுகிறோம். கரண்ட் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) வரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை சப்ளைதான் போர்டின் கடிகாரத்துக்கும் சோறு போடுகிறது. ஸ்விட்சை அணைத்தால் அந்தச் சுமை முழுக்க பேட்டரி மேல். இடி மின்னல் நேரத்தில் அணைப்பது நல்லதுதான், நானும் அணைக்கிறேன், அதற்காக சில வருடத்துக்கு ஒருமுறை பேட்டரியை மாற்றிவிடுகிறேன்.

மாற்றுவது எளிது. முதலில் பயாஸுக்குள் போய் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைலில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் மிச்ச மின்சாரமும் இறங்கிவிடும். பக்கத் தகட்டைக் கழற்றி, ஓரத்தில் இருக்கும் சின்னக் கொக்கியை நகத்தால் தள்ளினால் பேட்டரி ஒரு பக்கம் துள்ளி எழும். மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள்: புதியது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், என்னுடையது 2.4 காட்டியது. திருவான்மியூரில் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் திறந்தபோது பேட்டரி நன்றாகவே இருந்தது, ஆனால் அது உட்காரும் தகடு உப்புக்காற்றில் பச்சை பூத்துப்போயிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷில் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, காயவிட்டு, ப்ளஸ் பக்கம் மேலே தெரியும்படி அதே பேட்டரியை வைத்தோம். மெஷின் சரியாகிவிட்டது.

அடுத்தது, ஷட்டவுன் என்று நாம் நினைப்பது உண்மையிலேயே ஷட்டவுன்தானா என்பது. விண்டோஸ் 8-லிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் நாம் திறந்துவைத்த புரோகிராம்களை மூடிவிட்டு, விண்டோஸின் உட்கருவை மட்டும் டிஸ்க்கில் அப்படியே எழுதி வைத்துவிட்டுத் தூங்கும், அடுத்த முறை அங்கிருந்தே எழும். வேகமாக ஏறும் என்பது உண்மை. ஆனால் டூயல் பூட் (இரண்டு ஓஎஸ் உள்ள) மெஷினில் இது பாதி பூட்டிய வீடு மாதிரி. லினக்ஸ் போய் டி டிரைவைத் திறந்தால், விண்டோஸ் இன்னும் அதைக் கையில் வைத்திருக்கிறது என்று படிக்க மட்டும் விடும், அல்லது திறக்கவே விடாது. வலுக்கட்டாயமாகத் திறந்து எழுதினால் ஃபைல்கள் கெட்டுப்போகும். பழைய போர்டுகளில் இதே வசதியால், திரை அணைந்த பிறகும் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும் தொல்லையும் வருவதுண்டு. கண்டுபிடிக்க ஒரு வழி: ரீஸ்டார்ட் சரியாக வேலை செய்கிறது, ஷட்டவுன் மட்டும் சொதப்புகிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல்தான், ஏனென்றால் ரீஸ்டார்ட் செய்யும்போது விண்டோஸ் முழுதாக மூடித்தான் திறக்கும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தேர்வு செய்யும் இடத்தில் ‘டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ டிக்கை எடுத்துவிடுங்கள். அது மங்கலாக இருந்தால் மேலே இருக்கும் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ வரியை முதலில் க்ளிக் செய்ய வேண்டும். பெரிய அப்டேட் வந்த பிறகு அந்தப் பக்கத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

பூட் மெனுவில் விண்டோஸ் தெரியவில்லை என்றாலும் அழிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அந்த மெனுவைக் காட்டும் லினக்ஸ் நிரல்தான் க்ரப்; 2021-ல் வந்த க்ரப் 2.06-லிருந்து மற்ற ஓஎஸ்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. ஈடிசி ஃபோல்டருக்குள் டிஃபால்ட், அதற்குள் க்ரப் என்ற ஃபைலைத் திறந்து, டிசேபிள் ஓஎஸ் ப்ரோபர் என்ற வரியைத் தேடி, முன்னால் ஹேஷ் குறி இருந்தால் எடுத்துவிட்டு, மதிப்பை ஃபால்ஸ் என்று வையுங்கள். அப்புறம் சூடோவுடன் அப்டேட்-க்ரப் கொடுத்தால் விண்டோஸ் வரிசையில் வந்து நிற்கும். அப்படியும் வரவில்லை என்றால் இரண்டும் வேறு வேறு முறையில் ஏற்றப்பட்டிருக்கலாம், ஒன்று பழைய லெகஸி பயாஸ், இன்னொன்று அதற்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ. விண்டோஸில் எம்எஸ்இன்ஃபோ32 ஓட்டினால் பயாஸ் மோட் என்ற வரியில் தெரியும். லினக்ஸில் சிஸ் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஈஎஃப்ஐ என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் யூஇஎஃப்ஐ, இல்லையென்றால் லெகஸி. கலந்து இருந்தால் க்ரப்பால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியாது.

மெனுவே வராமல் நேராக விண்டோஸ் ஏறினால் முதலில் பயாஸில் பூட் வரிசையைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். லெகஸி மெஷினில் விண்டோஸை மறுபடி ஏற்றியிருந்தால் டிஸ்க்கின் முதல் செக்டாரில் 446 பைட் அளவுக்கு இருக்கும் பூட் நிரலை அது தன்னுடையதாக மாற்றியிருக்கும், லைவ் பென்டிரைவில் பூட்-ரிப்பேர் ஓட்டினால் க்ரப் திரும்பிவிடும். என்னைக் கேட்டால், பழைய மெஷினுக்கு இரண்டு டிஸ்க் வைப்பதுதான் நிம்மதி. ஒரு எஸ்எஸ்டியில் விண்டோஸ், இன்னொன்றில் லினக்ஸ், ஒன்றை ஏற்றும்போது மற்றதன் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். ஆன் செய்ததும் எஃப்12, எஃப்11 அல்லது எஃப்8 (போர்டைப் பொறுத்தது) தட்டி வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் போதும், ஒன்றின் அப்டேட் இன்னொன்றைத் தொடாது.

லினக்ஸ் பக்கம் ஷட்டவுன் நிற்கிறதென்றால் எஸ்கேப் தட்டி, லோகோவுக்குப் பின்னால் ஓடும் எழுத்துகளைப் படியுங்கள். ‘எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்’ என்று வந்து 1 நிமிடம் 30 விநாடி எண்ணினால் ஏதோ ஒரு சர்வீஸ் மூட மறுக்கிறது, அதன் பெயரும் அங்கேயே இருக்கும். எல்லாம் முடிந்து ‘பவர் டவுன்’ என்றும் வந்த பிறகு ஃபேன் சுற்றினால், லினக்ஸ் தன் வேலையை முடித்துவிட்டது, போர்டுதான் சொன்னதைக் கேட்கவில்லை. இதை உறுதி செய்ய எனக்குப் பிடித்த சோதனை: க்ரப் மெனுவில் சி அழுத்தி, ‘ஹால்ட்’ என்று டைப் செய்து எண்டர் தட்டுங்கள். அங்கே சுத்தமாக அணைந்தால் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் சரி, கர்னல் (லினக்ஸின் உட்கரு) அல்லது டிரைவர் பக்கம் தேட வேண்டும், பழைய கர்னலையும் கிராபிக்ஸ் கார்டுக்கு வேறு டிரைவரையும் போட்டுப் பாருங்கள். அங்கேயும் அணையாவிட்டால் பயாஸ் அப்டேட், பவரைக் கையாளும் ஏசிபிஐ செட்டிங், எஸ்எம்பிஎஸ் என்று போர்டின் பக்கம் திரும்புங்கள்.

லினக்ஸ் மொத்தமாக உறைந்துபோனால் உடனே பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்காதீர்கள். ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நிதானமாக எஸ், யூ, ஓ என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எழுதாமல் இருப்பதை டிஸ்க்கில் எழுதி, டிஸ்க்கைப் பூட்டி, அணைக்கும். உபுண்டுவில் இந்த மூன்றும் இயல்பாகவே வேலை செய்யும்.

அணைத்த மெஷின் தானாகவே ஆன் ஆகிறது என்பது இன்னொரு புகார். நடுராத்திரி கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் எழுந்து உட்கார்ந்தால் பயாஸில் ‘ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்’ என்பதை பவர் ஆஃப் என்று வையுங்கள். ஷட்டவுன் செய்த சில விநாடியிலேயே எழுந்தால் வேக் ஆன் லேன் (நெட்வொர்க் வழியாக எழுப்புவது), மவுஸ், கீபோர்டு வழியாக எழுப்பும் வசதிகளை அணைத்துப் பாருங்கள். கேபினெட் முகப்பில் பவர் பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருந்தாலும் இப்படி ஆகும், அதன் ஒயரை போர்டிலிருந்து கழற்றிவிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பட்டென்று அணைந்தால் மென்பொருளைத் தோண்டி நேரத்தை வீணாக்காதீர்கள். விண்டோஸ் ஈவெண்ட் வியூவரில் கர்னல்-பவர் 41 என்று இருக்கும், மெஷின் முறையாக மூடப்படவில்லை என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. அக்னி நட்சத்திர வெயிலில் மத்தியானம் மட்டும் அணைகிறதென்றால் சூடு. ஹீட்சிங்கில் பஞ்சு மாதிரி படிந்திருக்கும் தூசியை ப்ளோயரில் ஊதுங்கள், ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இன்டெல் ஒரிஜினல் கூலரின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று தளர்ந்திருந்தாலே போதும், ப்ராசஸர் கொதிக்கும். ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவே காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வையுங்கள். கரண்ட் போகும் அதே நொடியில் அணைந்தால் யூபிஎஸ் பேட்டரி ஓய்ந்துவிட்டது. கேம் விளையாடும்போது மட்டும் அணைந்தால் எஸ்எம்பிஎஸ், நண்பரிடம் ஒன்று வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டுப் புதியது வாங்குங்கள். போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருந்தால் கண்ணுக்கே தெரியும், அதை சர்வீஸ்காரரிடம் கொடுத்து மாற்றலாம். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களாகத் திறக்கவே திறக்காதீர்கள், கேபிளைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

என் கேபினெட்டின் பக்கத் தகட்டுக்கு உள்ளே ஒரு தாள் ஒட்டி வைத்திருக்கிறேன்: சாட்டா மோட் ஏஎச்சிஐ, பூட் லெகஸி, முதல் போர்ட்டில் லினக்ஸ், இரண்டாவதில் விண்டோஸ், பேட்டரி மாற்றிய தேதி, பேஸ்ட் வைத்த தேதி. போன மாதம் மறுபடி தேதி 2012-க்குப் போனபோது அந்தத் தாளைப் பார்த்து எல்லாவற்றையும் பழையபடி வைக்க பத்து நிமிடம்கூட ஆகவில்லை.