பொம்பளப் புள்ள ஸ்கூல விட்டு நிக்காம இருக்க தோட்டத்துல நாம என்ன செய்யலாம்

ஒரு புள்ள ஒரே நாள்ல ஸ்கூல விட்டு நின்னுடாது. மொதல்ல மாசத்துல ரெண்டு நாள் வராது, அப்புறம் வாரத்துல ரெண்டு நாள், கேட்டா வயித்து வலின்னு சொல்லும், ஆறு மாசம் கழிச்சு விசாரிச்சா கொழும்புல யாரோ வீட்டுல கைப்புள்ள பாத்துக்கிட்டு இருக்கும். இலங்கை மலையகத்துல தலவாக்கலை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல பின்நேர வகுப்பு எடுக்குற எனக்கு இது விளங்கவே மூணு வருஷம் போச்சு. அதனால நின்ன பொறகு ஓடாதீங்க, வராத நாள எண்ணுறதுலேருந்து தொடங்குங்க.

அதுக்கு ஒரு சிஆர் கொப்பி, அதான் தடிச்ச அட்ட போட்ட பெரிய நோட்டு, போதும். ஒங்க டிவிஷன்ல (தோட்டத்துப் பிரிவுல) ஆறாம் ஆண்டுக்கு மேல படிக்கிற பொம்பளப் புள்ளைங்க பேர எழுதி, லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) ஒரு பெரிய புள்ளகிட்ட சொல்லி வச்சு, யார் என்னைக்கு வரல, ஏன் வரலன்னு குறிங்க. ரெண்டு மாசத்துல காரணம் தானா தெரிய ஆரம்பிக்கும். என் கொப்பியில ஒன்பதாம் ஆண்டு புள்ள ஒன்னுக்கு மழ மாசத்துல மட்டும் வராத நாள் கோடு கோடா விழுந்திருந்திச்சு. வீட்டுக்கு போய் பாத்தா இஸ்தோப்புல (வீட்டு முன் திண்ணையில) ஒக்காந்து ஒரு கால்ல தொட்டில ஆட்டிக்கிட்டு மடியில கணக்கு கொப்பிய வச்சிருக்கு. தம்பிக்கு காய்ச்சல், காய்ச்சல் புள்ளய புள்ளக் காம்பராவுல (தோட்டத்து புள்ள பராமரிப்பு நிலையத்துல) எடுக்க மாட்டாங்க, அம்மா மலைக்கு கொழுந்து பறிக்க போகலன்னா அன்னைக்கு பேரு இல்ல, அதாவது அந்த நாள் சம்பளம் இல்ல. அந்த அம்மாவ கொற சொல்லி என்ன பண்றது? பக்கத்து வீட்டுக் காம்பராவுல வேலய விட்டு நின்ன பாட்டி ஒருத்தங்க இருந்தாங்க, அவங்ககிட்ட பேசி, காய்ச்சல் நாள்ல மட்டும் தம்பிய அவங்க பாத்துக்கிறதா ஏற்பாடாச்சு. பெரிய திட்டமெல்லாம் இல்ல, ஆனா கோடு கொறஞ்சிச்சு.

வீட்டுல பேசுறதுக்கும் நேரம் பாருங்க. பறிச்ச கொழுந்த நிறுவை போட்டுட்டு நனஞ்சு வர்ற அம்மாகிட்ட அப்பவே படிப்ப பத்தி பேசினா காதுல ஏறாது. சம்பளம் போட்ட பொறகு வர்ற ஞாயித்துக்கெழம நல்லது, அப்பாவும் இருக்கும்போது பேசுங்க, கூட ஓஎல் (பதினோராம் ஆண்டுல எழுதுற அரசாங்கப் பரீட்சை) பாஸ் பண்ணின அதே தோட்டத்து அக்கா ஒருத்தங்கள கூட்டிட்டு போங்க.

அடுத்தது யாரும் வாய் தெறந்து பேசாத விசயம், மாதவிலக்கு. ஸ்கூல் உடுப்பு வெள்ள, டொய்லட் கதவுல கொண்டி இல்ல, தண்ணியும் இல்லன்னா மாசாமாசம் நாலு நாள் புள்ள வீட்டுல தான் இருக்கும். கொண்டி, வாளி, மூடி போட்ட குப்ப வாளி, இத பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துல அம்மாமார் எழும்பி கேக்கணும், பொம்பளைங்க கேட்டா தான் நடக்கும். 2024ல பின்தங்கின ஸ்கூல் புள்ளைங்களுக்கு நாப்கின் வாங்க அரசாங்கம் வவுச்சர் குடுத்திச்சு, இப்ப ஒங்க ஸ்கூலுக்கு என்ன கெடைக்குதுன்னு அதிபர்கிட்ட கேளுங்க. எது எப்பிடியோ, ஒரு டீச்சர்கிட்ட ரெண்டு நாப்கின் பக்கட் எப்பவும் இருக்கணும். பெரிய புள்ளையானா சடங்கு முடியிற வரைக்கும் வீட்டுல வைக்கிறாங்க இல்லயா, அந்த நாள்ல கூட்டாளிப் புள்ளைங்க கைல நோட்ஸ் அனுப்பி விடுங்க, இல்லன்னா திரும்பி வந்து பாடம் விளங்காம அங்கேயே மனசு விட்டுடும்.

தூரம் இன்னொன்னு. தேயிலைக்குள்ள குறுக்குப் பாதையில தனியா விடாதீங்க, கும்பலா போகச் சொல்லுங்க, எக்ஸ்ட்ரா க்ளாஸ் முடிஞ்சு வர்ற நேரம் மிஸ்ட் எறங்கிடும், அன்னைக்கு பெரியவங்க ஒருத்தர் றோட்டு வளைவுல நிக்கணும். பஸ் போற பாதைன்னா சீசன் டிக்கட் எடுங்க, சிசு சரிய பஸ் (ஸ்கூல் புள்ளைங்களுக்கான அரசாங்க பஸ்) வேணும்னா அதிபர் கடிதத்தோட டிப்போவுக்கு பத்து அப்பா அம்மா சேந்து போங்க.

பிறப்புச் சான்றிதழ் இல்லாத புள்ளைங்கள இப்பவே தேடுங்க. ஓஎல் எழுத அடையாள அட்ட வேணும், 15 வயசுல ஸ்கூல் மூலமா தான் போடுவாங்க, அதுக்கு இந்த சான்றிதழ் வேணும். பதியாம விட்டிருந்தா கிராம சேவகர பாத்துட்டு பிரதேச செயலகத்துக்கு போங்க, கடைசி மாசத்துல போனா அலைச்சல் தான்.

வேலைக்கு ஆள் புடிக்கிற தரகர் வந்தா சட்டத்த சொல்லுங்க. 2016லேருந்து 16 வயசு வரைக்கும் படிப்பு கட்டாயம், 2021லேருந்து 16க்கு கீழ வேலைக்கு வைக்கவும் ஏலாது. இத அம்மாவ மெரட்ட பாவிக்காதீங்க, தரகர்கிட்ட "சட்டம் விடாது தம்பி"ன்னு சொல்ல அவங்களுக்கு ஒரு பிடி குடுங்க. புள்ளய ஏற்கனவே கூட்டிட்டு போயிட்டாங்கன்னா 1929க்கு, அதான் சிறுவர் உதவி நம்பருக்கு, கோல் எடுங்க, யோசிக்க வேணாம்.

அப்பிடியும் ஒரு புள்ள நின்னு போய், திரும்ப வர சம்மதிச்சா, அந்த மொத வாரம் தான் கஷ்டம். எங்க போன, ஏன் வந்தன்னு க்ளாஸ்ல கேள்வி கேட்டே கொன்னுடுவாங்க. அதனால முன்னாடியே வகுப்பு டீச்சர்கிட்ட பேசி, பழைய கூட்டாளி பக்கத்துல எடம் போட சொல்லுங்க. வயசு கூடிப் போய் வகுப்புல சேர ஏலாதுன்னா வலயக் கல்வி ஒஃபிஸ்ல முறைசாராக் கல்விப் பிரிவ (ஸ்கூலுக்கு வெளிய படிக்கிறவங்களுக்கான பிரிவ) கேளுங்க, ஓஎல்ல தனிப்பட்ட பரீட்சார்த்தியாவும் எழுதலாம். மொத நாள் நீங்க கூட போங்க. ரெண்டாவது நாள் காலையில ஆறேகாலுக்கு அந்த லயத்து வாசல்ல நின்னு பேர சொல்லி கூப்பிடுங்க.